பாதி பாட்டில் பால்

விமானம் ஏறியதிலிருந்து குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அப்பா மூன்றாவது முறையாகப் பால் பவுடரைக் கரைத்து வாயருகே கொண்டுபோனார். குழந்தை பாட்டிலைத் தட்டிவிட்டது. ஃப்ளாஸ்க்கில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் வெந்நீர் இருந்தது.

"கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போச்சு. இதோட அம்மா எங்க?" என்றார் பக்கத்து இருக்கை அம்மாள்.

"முன்னாடி இருக்காங்க."

"சொகுசு சீட்டுலயா? பெத்த பிள்ளையை இங்க கதற விட்டுட்டு? போய்க் கூப்பிடுங்க தம்பி!"

"இப்ப எழுந்து வர முடியாதுங்க."

"ஏன், தூங்கறாளா?"

"ஐயோ, தூங்கவே கூடாதுங்க!"

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசி வெந்நீரையும் ஊற்றிக் கரைத்தார். அவசரத்தில் பாதிப் பவுடர் மடியில் கொட்டியது.

அப்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"வணக்கம். உங்கள் விமானி பேசுகிறேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் தரையிறங்குவோம்..." என்றது ஒரு பெண்குரல்.

குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. கூரையையே பார்த்தபடி பாட்டிலைக் கவ்விச் சப்பத் தொடங்கியது.

அம்மாள் ஒலிபெருக்கியையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அறிவிப்பு முடிந்ததும் குழந்தை மறுபடி உதட்டைப் பிதுக்கியது. அம்மாளே எட்டி மணியை அமுக்கினார். ஓடிவந்த பணிப்பெண்ணிடம் பதறினார்:

"போய் இதோட அம்மாவை மைக்கில இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லும்மா! பாதி பாட்டில் பால் பாக்கி இருக்கு!"