அறுபதில் வரும் அதிர்வு

அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் அதிர்ந்தது. வசுமதி காலை எடுத்து மறுபடி மிதித்தாள். கார் திக்கித் திணறி, பிறகுதான் வேகமெடுத்தது. அவள் தானே பார்த்து, பிடித்துப்போய் வாங்கிய பழைய கார். வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

"அதிர்றது வீல் பேலன்சு. திக்கறது ப்ளக்கு. என்னையக் கேக்காம வாங்குனா இப்படித்தான்," என்றான் பக்கத்தில் இருந்த கணவன் தண்டபாணி. சுங்கச்சாவடி தாண்டியதிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான். "மிதி. விடு. அட, பொறுமையா மிதிங்கறேன்!"

"எந்தச் சக்கரம்னு தெரியுதாங்க?"

"உள்ள உக்காந்துட்டு எப்படித் தெரியும்? ஓரங்கட்டு. நான் இறங்கி நிக்கறேன். நீ முன்னால போய்த் திரும்பி வா, சத்தத்தை வெச்சுச் சொல்றேன்."

புறவழிச் சாலையின் ஓரத்தில், காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு நின்றான்.

வசுமதி மிதித்தாள். ஐம்பது, அறுபது, எழுபது. ஸ்டியரிங் ஆடாமல் அசையாமல் கைக்குள் கிடந்தது. கண்ணாடியில் தண்டபாணி விரலளவு ஆனான். சாலை நடுத்தடுப்பில் திரும்புவதற்கான இடைவெளி வந்தது. இண்டிகேட்டரைப் போட்டாள். கால் பிரேக்குக்குப் போகவில்லை. அடுத்த இடைவெளி நான்கு கிலோமீட்டர் என்றது பலகை. இண்டிகேட்டர் மட்டும், இதோ திரும்பப்போகிறேன் என்று, அடித்துக்கொண்டே இருந்தது.