கோமதியின் மத்தியான அழைப்பு

வீட்டிலிருந்து வரும் போன் அழைப்புகளால் வேலை கெடுகிறது என்று, ஊழியர்களின் குரலிலேயே பதில் பேசும் இயந்திரத்தை அலுவலகம் வைத்தது. அங்கே வேலை பார்த்த தணிகைவேலுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்பது ஒரு நாள் வீடு திரும்பிய பிறகே தெரிந்தது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று மனைவியிடம் கேட்டான்.

"மத்தியானமே சொன்னேனே. பயப்படாதே, நான் இருக்கேன்னீங்க."

"அது நானில்ல, மெஷின்!"

"தெரியும்," என்றாள் கோமதி. "அது, 'மீட்டிங்ல இருக்கேன், வை'ன்னு எரிஞ்சு விழாது."

மறுநாள் அவன் லீவு போட்டுவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"இப்ப எங்கிட்ட பேசு."

"என்ன பேச?"

மத்தியானம் ஆனதும், அவள் போனை எடுத்து அவன் அலுவலக எண்ணை அழுத்திக்கொண்டே மொட்டைமாடிக்குப் போனாள். அவள் குரல் தணிந்து கேட்டது.

"இன்னிக்கு இவரு வீட்லயே இருக்காருங்க."