கறுப்பு வெள்ளையில் ஒரு கொலை

“இன்னிக்கு எங்கேயும் போகாதே. ஒரு பழைய படம் கொண்டுவந்திருக்கேன். கறுப்பு வெள்ளை. கொலைப் படம். ஆளை அப்படியே கட்டிப்போட்டுடும்.”

கணவர் சொன்னதும் மிஷின் பெடலில் இருந்த தையல்காரம்மாவின் கால் அப்படியே நின்றது.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன். சிரிப்புப் படத்துக்கே பாதியில் குறட்டை விடுகிறவர். அவருக்கு எதற்குத் திடீரென்று கொலைப் படம்?

“யாரு சொன்னா இந்தப் படத்தை?”

“எல்லாருந்தான் சொல்றாங்க” என்று மழுப்பினார்.

ஒரு வாரமாகவே ஆள் சரியில்லை. போன் வந்தால் மாடிப்படிக்கு ஓடுகிறார். நேற்று பேங்குக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, சாயங்காலம்தான் திரும்பினார். நேற்று பேங்க் விடுமுறை. இன்று காலை குளியலறைக்குள்ளிருந்து கிசுகிசுப்பு வேறு: “அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. இன்னிக்கே விஷயத்தை முடிச்சுடறேன்.”

அறுபது வயதில் இந்தக் கூத்தா?

இருட்டியதும் விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் போட்டார். மழை கொட்டும் தெரு. தொப்பியை இறக்கிவிட்ட ஒரு துப்பறிவாளன். இன்னொருத்திக்காகப் பெண்டாட்டி குடிக்கும் பாலில் விஷம் கலக்கிற ஒரு கணவன்.

தையல்காரம்மா, அவர் போட்டுக் கொடுத்த காபியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் திரையையே பார்க்கவில்லை. இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படத்தைப் பாருங்க. என் மூஞ்சியில என்ன இருக்கு?”

“நீ பாரு. கண்ணை எடுக்காதே. இப்போ வரும்.”

“என்ன வரும்?”

அவர் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. “போதும்! நேத்து எங்கே போனீங்க? எவ அவ?”

“எவளா? உங்கம்மாதான்!”

“அம்மாவா? என்கிட்ட சொல்லாம அங்கே என்ன வேலை?”

“இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன்.”

“எண்பது வயசுல அவங்களுக்குக் கொலைப் படமா? யாரு காதுல பூ சுத்தறீங்க?”

திரையில் ஓட்டல் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சீருடை போட்ட ஓர் இளைஞன் ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தான்; நிமிர்ந்து சிரித்தான். அவர் சட்டென்று படத்தை நிறுத்தினார்.

“கொலைகாரனை விடு, இவரைப் பாரு” என்றார். “ஏதோ ஒரு படத்துல தலைகாட்டினார்னு உங்கம்மா சொன்னதை வெச்சு, ஒரு வாரமா போன் போட்டுத் தேடினேன். அவங்க பார்த்ததுமே அழுதுட்டாங்க. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தவறிட்டாரு, ஒரு போட்டோகூட இல்லைன்னு சொல்லுவியே... உங்கப்பா இவருதான்.”

தன் வயதில் பாதிகூட ஆகாத அப்பாவை, தையல்காரம்மா முதல்முறையாகப் பார்த்தாள்.