பொதுக்கூடத்துக் கண்ணாடிக் கதவு

"உள்ள போனதும் ஒரே வார்த்தைதான். 'எங்களுக்குத் தெரியாது.' அதுக்கு மேல வாயைத் திறக்காத."

பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து இதை அவர் நாலாவது தடவையாகச் சொல்கிறார். மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

சொல்ல வேண்டியவள் அவள்தான். இந்த வெளிநாட்டு நகரில் அவர்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் சங்கத்தின் தலைவி அவள். அவர் தலைவியின் கணவர். வாரத்தில் ஐந்து நாள் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர், சனிக்கிழமையானால் சங்கத்தில் நாற்காலி தூக்குகிறவர்.

அதில்தான் வினை வந்தது. போன சனிக்கிழமை, இருக்கிற வேலை போதாதென்று பீரோவை வேறு நகர்த்தினார். அதன் மூலை இடித்துப் பொதுக்கூடத்தின் கண்ணாடிக் கதவு பொலபொலவென்று கொட்டிவிட்டது. கமிட்டிக்காரர்கள் கூட்டிப் பெருக்கி, ஓட்டையில் அட்டையை ஒட்டிவிட்டு, பூனை மாதிரி நழுவிவிட்டார்கள். மறுநாள் அதே கூடத்தில் வேறொரு நாட்டிலிருந்து வந்தவர்களின் சங்கம் கூடியது.

இரண்டு சங்கங்களுக்கும் நகர அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உடைத்த சங்கத்துக்கு மூன்று மாதம் கூடம் கிடையாது. இன்று பத்து மணிக்குள் யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டு சங்கத்துக்குமே கிடையாது.

அந்தக் கூடத்தில்தான் பகலில் சங்கத்தின் சார்பில் அவள் பெண்களுக்கு இந்த நாட்டு மொழியைச் சொல்லிக்கொடுக்கிறாள். இன்னும் நாலு வாரத்தில் தேர்வு. அதில் தேறினால்தான் அவர்கள் வேலைக்குப் போக முடியும்.

"ஆபீஸருக்கு ஏற்கெனவே அந்தச் சங்கத்துக்காரங்க மேலதான் சந்தேகம்" என்றார். "நாம தெரியாதுன்னு சாதிச்சா, பழி தானா அங்க போய் உக்காந்துக்கும். கமிட்டியும் அதைத்தான் சொல்லுது."

"ம்."

"போன மாசம் மேடையில அந்த அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்'னு முழங்கினியே, அதை நினைச்சு உளறி வைக்காத."

"உளறலை, போதுமா?"

அவருக்குப் பகீரென்றது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

அதிகாரியின் அறைக்கு வெளியே 'அந்த அம்மா' உட்கார்ந்திருந்தாள். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவள். அந்த இன்னொரு சங்கத்துக்குத் தலைவி. இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தியா? போட்டுக் குடுக்கத்தான் வந்திருக்கா. ஒட்டுன அட்டை நம்ம கிடங்கு அட்டைன்னு கண்டுபிடிச்சிருப்பா."

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

அவருக்கு உள்ளங்கை வியர்த்தது. சட்டையில் துடைத்தார். மறுபடி வியர்த்தது.

கதவு திறந்தது. மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

அதிகாரி இவள் பக்கம் திரும்பினார். "கதவை உடைச்சது யாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் முடிதிருத்தும் அம்மா எழுந்தாள்.

"எங்க பசங்கதான். பந்து பட்டுடுச்சு. மன்னிச்சுக்குங்க."

கணவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

அதிகாரி சிரித்தார். "நினைச்சேன். உங்க ஆளுங்களாத்தான் இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்." பிறகு இவர்களிடம், "பாவம், உங்களுக்குத்தான் வீண் அலைச்சல். உங்களை மாதிரி எல்லாரும் ஒழுங்கா இருந்துட்டா பிரச்சினையே இல்லை" என்றார்.

கணவர் ஆசைப்பட்டதுதான் நடந்தது. ஆனால் அது அவருக்கு இனிக்கவில்லை.

மனைவியைப் பார்த்தார். சொல்லிவிடுவாள், இதோ எழுந்துவிடுவாள். அவள் மேஜையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா கையெழுத்துப் போடக் குனிந்தாள். தலை தாழ்ந்தபடியே இருந்தது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"சார், ஒரு நிமிஷம்..." என்று எழுந்தார்.

மனைவியின் கை அவர் சட்டையைப் பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தது.

"அவருக்கு வேலைக்கு நேரமாச்சாம்" என்றாள் அதிகாரியிடம். குரலில் நடுக்கமே இல்லை.

அவர் பொத்தென்று உட்கார்ந்தார். முத்திரை விழுந்தது. முடிதிருத்தும் அம்மா யாரையும் பார்க்காமல் வெளியேறினாள்.

தெருவுக்கு வந்ததும் அவர் வெடித்தார்.

"உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? நான் கோழை, ஒத்துக்கிறேன். நீ தலைவிடீ! மேடையில ஒரே குடும்பம், இங்க ஊமைக் கோட்டானா? உண்மையைச் சொல்ல எழுந்தவனையும் இழுத்து உக்கார வைக்கிற!"

"எல்லாம் நேத்து ராத்திரியே அவங்களும் நானும் பேசுனதுதான்." அவள் கண் கலங்கியிருந்தது. "நான்தான் ஒத்துக்கிறேன்னு மன்றாடினேன். அவங்க விடலை. 'மூணு மாசம் நாங்க பூங்காவுல கூடிக்குவோம். உன் வகுப்பு மட்டும் நிக்கக் கூடாது'ன்னுட்டாங்க."

"நம்ம வகுப்பு நின்னா அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வகுப்புல இருக்குற இருபத்தோரு பேர்ல பதிமூணு பேர் அவங்க ஊர்ப் பொண்ணுங்க. வெளியாளுங்களைச் சேர்க்கவே கூடாதுன்னு கமிட்டி போட்ட தீர்மானத்துல முதல் கையெழுத்து உங்களோடது; அதான் ஒரு வருஷமா உங்ககிட்டகூடச் சொல்லலை."