வக்கீலம்மாவின் பொறுமை

வேலைநீக்க வழக்கைப் பேசித் தீர்க்கச் சக்கர நாற்காலியில் ஒருவரும், அதைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்ணும் வந்தார்கள். மேலாளர் ஒரே பார்வையில் இருவரையும் எடைபோட்டுவிட்டார்.

“கதவைச் சாத்திட்டு உக்காருங்க மேடம்.”

அந்தப் பெண் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“சார், நான் வந்து...” என்று நாற்காலிக்காரர் வாயெடுத்தார்.

“நீங்க சும்மா இருங்க தம்பி. வக்கீலம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றவர் அவள் பக்கம் திரும்பினார். “பாவம் பாத்து இந்த மாதிரி ஆளுங்களைச் சேத்துக்கிட்டா எங்களுக்குத்தான் தலைவலி மேடம். என்ன சொன்னாலும் மண்டையில ஏறாது.”

அவள் அவர் முகத்தையே பார்த்துப் பொறுமையாகத் தலையசைத்தாள்.

மேலாளர் உருகிப்போனார். “உங்களுக்கு எல்லாம் டக்குனு புரியுது பாருங்க! உங்களை மாதிரி ஒருத்தர் கெடச்சா நாளைக்கே வேலை தருவேன்.”

“ரொம்ப நன்றி சார்” என்றார் நாற்காலிக்காரர். “வக்கீல் நான். மாற்றுத்திறனாளின்னு ஃபைல்ல பாத்ததுமே, முகத்தைக்கூடப் பாக்காம நீங்க வேலையை விட்டு எடுத்தது இவங்களைத்தான். காது கேக்காது, ஆனா உதட்டைப் பாத்தே எல்லாம் புரிஞ்சுக்குவாங்க.”

மேலாளர் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் வக்கீலிடம் கைகளால் ஏதோ கேட்டாள்.

“நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு வேலைக்கு வரணும்னு கேக்குறாங்க சார்.”