ஒன்பதே முக்கால் படகு

“மணி ஒன்பதே முக்கால் ஆனா போதும், போனும் கையுமா உக்காந்துடறீங்களே மேடம்!” டெஸ்பாட்ச் மேஜை முன்னால் வந்து நின்று கத்தினார் மேனேஜர். “பார்சல் மலையா குவிஞ்சு கெடக்கு. உங்ககிட்ட கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. ரிடையராகற வயசுல கேம் கேக்குதா?”

“பரீட்சை நாள்ல மட்டும்தான் சார். அஞ்சே நிமிஷம்,” என்றார் டெஸ்பாட்ச் மேடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பரீட்சையா? உங்களுக்கா?”

“கூட விளையாடற பொண்ணுக்கு சார். பத்தாவது. பரீட்சைன்னாலே கை நடுங்கி, மூச்சு வாங்குமாம். ஸ்கூல் கவுன்சிலர் தன் ரூம்ல உக்கார வச்சு இதை ஆட வச்சுட்டுதான் ஹாலுக்கு அனுப்பறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா, நிதானமா துடுப்புப் போடணும். அவசரப்பட்டா படகு கவுந்துடும்.”

“பெத்தவங்க எதுக்கு இருக்காங்க?”

“அவ அம்மாதான் என்னைக் கூட ஆடச் சொன்னாங்க. அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடலையாம். கேம்னு சொன்னாலே வானத்துக்கும் பூமிக்குமா குதிப்பாராம்.”

“குதிக்காம கொஞ்சுவாங்களா? என் வீட்டுல இந்தக் கூத்தெல்லாம் நடக்காது. பிள்ளைங்கன்னா பயம் இருக்கணும்!” என்று போனை வெடுக்கென்று பிடுங்கினார் மேனேஜர்.

திரையில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் கீழே ஒரு செய்தி வந்து விழுந்தது.

‘ஆன்ட்டி, ஏன் நிறுத்திட்டீங்க? எங்கப்பா உங்க சீட்டுக்கு வந்துட்டாரா?’