ஐந்தாவது கம்பி

மூன்றாவது விளக்கையும் போட்டுக் காட்டினார் கடைக்காரர்.

வட்ட விளக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். படத்தில் கண்மணிக்குள் வளையம் விழும். குடை விளக்கை விரித்தால் அவள் வீட்டு முன்னறையில் ஆள் உட்கார இடமிருக்காது. அடுத்த வாரம் முதல் அந்த முன்னறைதான் அவளுடைய ஸ்டூடியோ.

இது சதுரப் பெட்டி. முன்னால் வெள்ளைத் துணி. வெளிச்சம் பதமாக விழுந்தது.

இதையே எடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்மா. நம்ம ஸ்டூடியோ தர்மலிங்கம் சார் இந்த லைட்லதான் போட்டோ எடுத்தாரு. போட்டியில முதல் பரிசு. அந்தா, சுவத்துல பாருங்க."

பார்த்தாள்.

நாலடி உயரப் படத்தில் பவுனு அக்கா. அவள் தெருவில் இஸ்திரி போடுகிற பவுனு அக்கா. நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்காமல் இவள் வீட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கீழே கொட்டை எழுத்தில் தர்மலிங்கத்தின் பெயர்.

உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு எரிந்தது அவளுக்கு.

அவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தாள். நின்றுகொள்கிறேன் என்று சொன்ன அன்று, தான் எடுத்த இந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லிக் கொடுத்தாள். மெஷின் ரிப்பேர் என்றார். மூன்று மாதமாக ரிப்பேர்.

நன்றாகத்தான் ரிப்பேர் பார்த்திருக்கிறார், மகராசன்.

கத்தியிருப்பாள். யார் நம்புவது? அவர் ஊரறிந்த ஆள். அவள் கல்யாண வீடுகளில் அவருக்கு விளக்குப் பிடித்தவள்.

பல்லைக் கடித்துக்கொண்டு படத்தின் அருகே போனாள். பவுனு அக்காவின் கண்ணுக்கு நேரே விரலை நீட்டினாள்.

"உங்க லைட்ல ஜன்னல் கம்பி இருக்குமாண்ணே?"

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

கருவிழிக்குள் சின்னதாக ஒரு ஜன்னல். ஏழு கம்பிகள். ஐந்தாவது வளைந்திருந்தது. இவள் மகன் மூன்று வயதில் தலையை விட்டு மாட்டிக்கொண்டபோது நெம்பிய கம்பி.

ஜன்னலுக்கு முன்னால் ஒரு நிழலுருவம். முகத்தை மறைத்த கேமரா. தலைக்கு மேலே தூக்கிக் கட்டிய பெரிய கொண்டை.

தர்மலிங்கத்துக்கு முழு வழுக்கை.

கடைக்காரர் படத்தின் கண்ணைப் பார்த்தார். அவள் கொண்டையைப் பார்த்தார். மறுபடி கண்ணைப் பார்த்தார்.

சதுரப் பெட்டி விளக்கை அணைத்தார்.

"லைட் வேணாம். வெளிச்சத்தத் திருப்பி விடுற வெள்ளத் தட்டி ஒண்ணு குடுங்க, போதும். எங்க வீட்ல ஜன்னல் இருக்கு."

கடைக்காரர் தட்டியை எடுத்து வைத்தார். பில் புத்தகத்தைத் திறந்தார்.

"பேரு சொல்லும்மா."

"மங்கையர்க்கரசி."

பேனாவைத் தாளில் வைத்தார்.

"அங்க இல்லண்ணே."

அவள் விரல் சுவரில், படத்தின் கீழிருந்த பெயரைக் காட்டிக்கொண்டிருந்தது.